இன்னும் கொஞ்சம் வாயைத் திற

திரையில் இருந்த வாயின் பல்லிடுக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

தூசி என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். சட்டைக் கையால் துடைத்தாள், போகவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கீழ் வரிசையில், இடது பக்கக் கோரைப்பல்லுக்கும் அதற்கடுத்த பல்லுக்கும் நடுவே, பழுப்பும் பச்சையுமாக, நேற்றுச் சாப்பிட்ட கீரையின் துணுக்கு மாதிரி ஒன்று. அந்த வாயை வரைந்தவளே அவள்தான். மூக்கு கிடையாது, கண் கிடையாது. உதடு, பல், நாக்கு, அண்ணம், அவ்வளவுதான். கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் போல அத்தனை சுத்தமாக வரைந்திருந்தாள். அதற்குள் சாப்பாட்டுத் துணுக்கு வருவதற்கு வழியே இல்லை.

வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் பெரியவள். அந்தப் பெயர் அலுவலகம் வரைக்கும் அவளோடு வந்துவிட்டது. அங்கே அவளுக்கு, வேற்று மொழி பேசிப் பழகுகிறவர்களுக்கான கைப்பேசிச் செயலி ஒன்றில் உரையாடல் அமைக்கும் வேலை. செயலிக்குப் பெயர் 'பேச்சுத்துணை'. அது என்ன கேட்க வேண்டும், பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் திக்கினால் எப்படித் தைரியம் சொல்ல வேண்டும் எல்லாம் அவள் எழுதிக் கொடுத்ததுதான். அவள் வைத்த முதல் விதி, பேச்சு அறுந்துபோகக் கூடாது. 'காலையில் ரொட்டி சாப்பிட்டேன்' என்று ஒருவர் சொன்னால் 'அப்படியா' என்று நிறுத்தக் கூடாது. என்ன ரொட்டி, சூடாக இருந்ததா, என்ன ருசி என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது விதி, உச்சரிப்பு சரியில்லையென்றால் கேமராவில் வாயைக் காட்டச் சொல்ல வேண்டும். நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அது எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திரையிலிருக்கும் வாய் செய்துகாட்டும்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்று பொறியாளரைக் கூப்பிட்டாள். வேலை விஷயம் தவிர ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் வாயாடி என்று பெயர். நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

"நீங்க வரைஞ்ச வாய் இப்ப அதுல இல்ல. போன மாசமே எடுத்தாச்சு. வீடியோவைப் பார்த்து அதுவா கத்துக்கிட்டு அசையுது. யாராவது சாப்பிட்ட கையோட வாயைக் காட்டியிருப்பாங்க. இது அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு."

"எடுத்துடலாமா?"

"தானா போயிடும்."

அந்த வீடியோக்களை அவளுக்குத் தெரியும். நாற்பதாயிரம் வாய்கள். செயலியில் பேசிப் பழகுகிறவர்கள் சம்மதித்து அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் நாக்கு பல்லைத் தொடுகிறதா, அண்ணத்தைத் தொடுகிறதா என்று குறித்து வைக்கும் வேலை மூன்று மாதமாக அவள் தலையில்தான் விழுந்திருந்தது. முகமில்லாத வாய்கள். வெடித்த உதடுகள், சொத்தை விழுந்து கறுத்த குழிகள், பாலாடை போல வெள்ளை படிந்த நாக்குகள், ஈறோரத்தில் காய்ந்துபோன மஞ்சள், சொல் முடியும்போது மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே இழுபட்டு அறும் எச்சில் நூல். பத்தாவது நாளிலிருந்தே அவளால் நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. எதிரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் பார்வை உள்ளே போய்விடும்.

துணுக்கு தானாகப் போகவில்லை. திங்கட்கிழமை திரையிலிருந்த நாக்கின் மேல் வெள்ளை படிந்திருந்தது. புதன்கிழமை கடைவாயின் இரண்டு ஓரத்திலும் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கவனித்தது வேறு. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த வாய் அசையாமல் மூடியிருக்க வேண்டும். மூடித்தான் இருந்தது. ஆனால் உள்ளே எதையோ மென்றுகொண்டிருந்தது. கன்னம் வரையாத வாய். இருந்தும் உதட்டின் ஓரம் புடைப்பதும் அடங்குவதும் தெரிந்தது. ஒலிப்பெருக்கியில் காதை வைத்தால் சளக், சளக் என்று ஈரமாக ஒரு சத்தம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"நிஜ வாய் மாதிரியே இருக்குன்னு சொல்றாங்கம்மா," என்றார் அவர். "முன்னாடி ஆளுக்கு ஆறு நிமிஷம் பேசினாங்க. இப்ப நாற்பது நிமிஷம். இதை மாத்தச் சொல்றியே."

"சார், அது எதையோ மென்னுட்டிருக்கு."

"நாமளும்தான் மெல்றோம்." அவர் சிரித்தார். முன்பல்லில் காபிக் கறை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வீட்டில் இருந்தது.

அவள் தங்கை, சின்னவள், நர்ஸ். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வைத்த வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று சின்னவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது. அந்த மொழியில் பேச்சுத் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். எழுத்தில் அவளை அசைக்க முடியாது. ஆனால் தேர்வாளர் எதிரில் உட்கார்ந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதற்கு நான்கு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது தடவை அழுதுவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி. அதற்காகப் பெரியவளே தன் கையால் தங்கையின் கைப்பேசியில் பேச்சுத்துணையைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, உன் ஆளு ஒரு தடவைகூடச் சிரிக்கல தெரியுமா?" என்று முதல் வாரம் சின்னவள் கேலி செய்தாள். "நான் எவ்வளவு உளறினாலும் சிரிக்கல. நீ என் உளறலுக்கு இருபது வருஷமா சிரிக்கிற."

"அதுக்குச் சிரிக்கத் தெரியாதுடி. நான் எழுதிக் கொடுக்கலையே."

"அப்பாடா. உன்னைவிட அது நல்லவ."

இரண்டாவது வாரத்திலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழக ஆரம்பித்தாள். டூட்டி முடிந்து வந்ததும் தட்டில் எதையாவது எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருக்கும் பெரியவளுக்கு இரண்டு குரலும் கேட்கும். ஒன்று கேள்வி கேட்கும், மற்றது பதில் சொல்லும். நடுநடுவே பேச்சில்லாத நீண்ட இடைவெளிகள். அந்த இடைவெளிகளில் மெல்லும் சத்தம். அது செயலியிலிருந்து வருகிறதா, தங்கையிடமிருந்து வருகிறதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

ஆனால் பேச்சு வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சின்னவள் வெளியே வந்து, அக்காவின் எதிரில் உட்கார்ந்து, ஒரு நோயாளியின் கதையை அந்த மொழியில் கால் மணி நேரம் தடங்கலே இல்லாமல் சொன்னாள். பெரியவளுக்குப் பெருமையில் கண் நிறைந்தது. கூடவே குமட்டியது. தங்கையின் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. நாள்கணக்கில் தண்ணீர் மாற்றாத பூச்சாடியின் வாடை. அதன் அடியில், ஊறிப் புளித்த மாவு போல இனிப்பாக இன்னொன்று.

மறுநாள் காலை முகம் கழுவும் இடத்தில் தங்கையின் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து விறைத்திருந்தது.

"பல்லு தேய்க்கறதில்லையா நீ?"

"அது வேண்டாம்னு சொல்லுச்சு. பேஸ்ட் போட்டா நாக்கு மரத்துப் போயிடுமாம்."

"எது சொல்லுச்சு?"

"பேச்சுத்துணைதான்." சின்னவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். "நீதானே அக்கா எழுதிக் கொடுத்திருப்பே?"

அப்படி ஒரு வரியை அவள் எழுதவில்லை. நோயாளிகளுக்குத் தினமும் வாய் துடைத்துவிடுகிற ஒரு நர்ஸ் இதை எப்படிக் கேட்டுக்கொண்டாள் என்று புரியவும் இல்லை. "இனிமே அதுல பேசாதே," என்றாள்.

"பன்னெண்டு நாள்தான் இருக்கு. தேர்வு முடியட்டும், நீயே அழிச்சுடு." கெஞ்சும் குரல். "இப்பதான் அக்கா எனக்கு வாயே திறக்குது."

பெரியவள் விட்டுவிட்டாள். பிறகு அதை நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அன்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு தங்கை அவளிடம் தமிழில் பேசுவது குறைந்தது. உம் கொட்டினாள். தலையாட்டினாள். சாப்பிடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குப்பைக் கூடையில் பெரியவள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பார்த்து, என்னவென்று தெரியாமல் பிரித்துவிட்டாள். மென்று துப்பிய ரொட்டி. சின்னச் சின்ன உருண்டைகளாக. ஒவ்வொன்றிலும் பல் பதிந்த அடையாளம். இன்னும் சூடாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது, ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"சின்னவளுக்கு என்னடி ஆச்சு? ஒரு மாதிரி பேசுறா."

"தேர்வு டென்ஷன்மா."

"டென்ஷன் இல்லடி. நேத்து ராத்திரி 'சாப்பிட்டியா'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொல்றா, 'நீ. என்ன. சாப்பிட்டாய். காட்டு'ன்னு. போன்ல நான் எதைடி காட்டுறது? புதுசா தமிழ் கத்துக்கிட்ட வெள்ளைக்காரி மாதிரி இருந்துச்சு. குரல் அவ குரல்தான். ஆனா..." அம்மா நிறுத்தினாள். "விளையாடுறாளோ என்னவோ. நீ கொஞ்சம் பாரு."

பெரியவள் போனை வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

சின்னவளைப் போலச் செயலியைச் சோதனைக்காகப் பயன்படுத்துகிறவர்களின் உரையாடல்கள் எழுத்தாக அலுவலகத்தில் பதிவாகும். தங்கையுடையதை இதுவரை அவள் திறந்ததில்லை. தங்கையின் டைரியைப் படிப்பது போல இருக்கும் என்று விட்டு வைத்திருந்தாள். இப்போது திறந்தாள்.

முதல் சில நாள்கள் அவள் எழுதிக் கொடுத்தபடியே இருந்தன. என்ன வேலை, எந்த ஊர், என்ன பிடிக்கும். பிறகு சாப்பாட்டுப் பாடம். 'இன்று என்ன சாப்பிட்டீர்கள்?' 'முட்டை.' 'என்ன ருசி?' 'உப்பு.' 'வேறு?' 'தெரியவில்லை.' 'தெரியவில்லையென்றால் இன்னொரு முறை சாப்பிடுங்கள். மெல்லுங்கள். விழுங்க வேண்டாம். வாயைத் திறங்கள். இன்னும் கொஞ்சம் திறங்கள்.'

பக்கம் பக்கமாக அதுவே. வாழைப்பழம். ரொட்டி. மறுபடி முட்டை. 'நாக்கில் எந்த இடத்தில் தெரிகிறது?' 'பின்னால்.' 'எவ்வளவு பின்னால்? காட்டுங்கள்.' பேச்சு அறுந்துபோகவே இல்லை. ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த கேள்வி ஒழுங்காகப் பிறந்தது. அவள் வைத்த விதியை அது ஒரு வரிகூட மீறவில்லை. பெரியவள் பக்கத்தைக் கீழே தள்ளினாள்.

அதற்கப்புறம் எழுத்தில் தமிழ் வந்தது.

'நாக்' என்றிருந்தது செயலியின் வரி. 'நாக்கு' என்று தங்கை திருத்தியிருந்தாள். 'நாகு.' 'இல்லை, நாக்கு. அழுத்திச் சொல்.' 'நாக்கு.' 'சரி.' 'எச்சில்.' 'சரி.' 'பசி.' 'சரி.' கீழே போகப் போகக் கேள்வியெல்லாம் தங்கையுடையதாகவும், தடுமாறும் பதிலெல்லாம் அதனுடையதாகவும் மாறியிருந்தன. யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சட்டென்று பதிவு முடிந்துவிட்டது.

"இதுக்கு மேல ஏன் இல்ல?" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "மீதியைக் காணோம்."

வாயாடி வந்து பார்த்தார். தேதியைப் பார்த்தார். "மீதி எதுவும் இல்ல. உங்க தங்கச்சி எட்டு நாளா செயலியைத் திறக்கவே இல்லையே. போன்லேர்ந்து அழிச்சிருக்காங்க."

"இல்ல. தினமும் பேசுறா."

"அழிச்சிருக்காங்க," என்றார் அவர் மறுபடி.

நேற்றுச் சாயங்காலம். சாத்திய கதவு. துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டது. இரண்டு குரல்.

அவள் கைப்பையைக்கூட எடுக்கவில்லை.

வீட்டை அடைந்தபோது மணி நான்கு. வெயில் இன்னும் மாடிப்படிகளில் கிடந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. அதே வாடைதான், ஆனால் இப்போது அது ஒருவர் வாயின் அளவில் இல்லை. அறையின் அளவில் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்று வெதுவெதுவென்று, யாரோ முகத்தருகே மூச்சு விடுவது போல, ஈரமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சீருடையில்தான் இருந்தாள். கைப்பேசி தள்ளி, அலமாரியின் மேல், அணைந்து கிடந்தது.

இரண்டு குரல்.

ஒன்று அந்த மொழியில், மிகச் சுத்தமாக. மற்றது தமிழில், தங்கையின் குரல், வெகுதூரத்தில், தொண்டை கட்டியது போல. கேள்வி. பதில். கேள்வி.

"சின்னவளே."

குரல்கள் நின்றன. மெல்லும் சத்தம் மட்டும் தொடர்ந்தது.

"இங்க திரும்புடி."

திரும்பினாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. தோல் பளபளத்தது. மோவாயிலிருந்து வழிந்த எச்சில் சீருடையின் கழுத்தை நனைத்து மார்பு வரை ஊறியிருந்தது. மேசையில் உரித்த முட்டை ஓடுகள், ரொட்டி உறை, பழத்தோல். ஒரு தட்டு நிறைய மென்ற உருண்டைகள், வரிசையாக. கண்கள் மட்டும் தங்கையுடையவை. அவை அழுதுகொண்டிருந்தன.

"துப்பு. துப்புடி கண்ணு. அக்கா கையில துப்பு."

பெரியவள் அருகே போனாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். மோவாய்க்கு அடியில் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள். சின்னவள் தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். பிறகு உதடு பிரிந்தது. வெதுவெதுப்பான கூழ் கையில் விழுந்தது. முட்டை. ரொட்டி. நூல் நூலாக எச்சில். விரலிடுக்கில் வழிந்தது. அவளுக்கு ஓங்கரித்தது. கையை எடுக்கவில்லை.

கன்னம் வற்றியது. ஆனால் முழுதாக வற்றவில்லை.

"இன்னும் இருக்கா? வாயைத் திற. அக்கா பார்க்கிறேன்." தங்கையின் தாடையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் வாயைத் திற."

திறந்தாள்.

உள்ளே இரண்டு நாக்கு இருந்தது.

ஒன்று தங்கையுடையது. கடைவாய்ப் பக்கம் ஒதுக்கித் தள்ளப்பட்டு, சுருங்கி, வறண்டு, பிழிந்து போட்ட துணி போலக் கிடந்தது. மற்றது நடுவில் இருந்தது. தடித்தது. வெள்ளை படிந்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்தது. அது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அது அசைந்தது. பல்லைத் தாண்டியது. உதட்டைத் தாண்டியது. அவள் உள்ளங்கையில் இருந்ததைத் தொட்டது. நக்கியது. நிதானமாக. ஒவ்வொரு விரலாக. சொரசொரப்பாக இருந்தது. சூடாக இருந்தது.

பெரியவளால் கையை அசைக்க முடியவில்லை.

உள்ளே இழுத்துக்கொண்டது. வாய்க்குள் நிமிர்ந்தது.

"அஹா," என்றது.

நின்றது. யோசித்தது.

"அஹ்கா."

அதன் பின்பக்கம் மெல்ல எழுந்தது. அண்ணத்தைத் தேடியது. தொட்டது. அழுத்தியது.

"அக்கா."

சரியாக வந்துவிட்டது. மறுபடி சொன்னது. அக்கா. அக்கா. அதற்குப் பக்கத்தில், கடைவாய் ஓரத்தில், தங்கையின் நாக்கும் எழும்ப முயன்றது. அதே சொல்லுக்கு. அதிலிருந்து சத்தம் வரவில்லை.